ஊவா என்ற பெயரும் லயத்து முகவரியும்

1890 இல் ஹப்புத்தளைப் பக்கம் தோட்டம் வாங்க வந்த தோமஸ் லிப்டன், கிளாஸ்கோவில் மளிகைக் கடைகள் நடத்தியவர். தேயிலை வளர்ப்பது பற்றி அவருக்குப் பெரிதாக எதுவும் தெரிந்திருக்கவில்லை. விற்பது பற்றி நன்றாகத் தெரிந்திருந்தது. இடைத் தரகர்களை ஒதுக்கினார், அளந்து கட்டிய பக்கெட்டுகளில் தேயிலையை அடைத்தார், தோட்டத்திலிருந்து நேரே கோப்பைக்கு வருகிறது என்று விளம்பரம் செய்தார். ஊவா கண்ட முதலாவது பெரிய சந்தைப்படுத்தல் திட்டம் அதுதான். 2022 இல் லிப்டன் உள்ளிட்ட தேயிலைப் பெயர்களை யுனிலீவர் நிறுவனம் சிவிசி என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு விற்று முடித்தபோது விலை 450 கோடி யூரோ. அந்தப் பேரம் நடந்த மேசையில் தம்பேதென்ன லயத்துக்கு ஒரு நாற்காலி இருக்கவில்லை. இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவுமில்லை.

சுதந்திர ஊடகவியலாளராகப் பதுளை மாவட்டத்தில் வேலை செய்யும் எனக்கு, "சமூகங்களை வலுப்படுத்தும்" திட்டங்களின் அழைப்பிதழ்கள் அடிக்கடி வருகின்றன. அவை நகரும் விதம் இப்போது மனப்பாடம். வெளிநாட்டு நிதி வழங்குநர் ஒருவர் இருப்பார். கொழும்பிலிருந்து ஒரு ஆலோசனை நிறுவனம் கேள்விப்பத்திரம் போட்டு வேலையை எடுக்கும். பண்டாரவளை ஹோட்டலொன்றில் செயலமர்வு, பகல் சாப்பாடு, சுவரில் ஒட்டிய வண்ணக் காகிதங்கள். தோட்டத்துப் பெண்கள் தமிழில் பேசுவார்கள். அறிக்கை ஆங்கிலத்தில் வரும். பதினெட்டு மாதத்தில் திட்டம் முடியும். இவை எல்லாம் ஏமாற்று என்று சொல்வது எளிது, ஆனால் உண்மையல்ல. சில திட்டங்கள் நிஜமாகவே எதையோ விட்டுச் சென்றிருக்கின்றன. விட்டுச் சென்றவற்றையும் செல்லாதவற்றையும் பிரிப்பது எது என்பதைத்தான் இங்கே பார்க்க விரும்புகிறேன்.

முதலில், விற்கப்படுவது என்ன? ஊவாத் தேயிலையின் தனிச்சுவை ஜூலை முதல் செப்டெம்பர் வரையான உலர்ந்த மாதங்களில் வருகிறது. தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று மத்திய மலையின் மேற்குப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, ஊவாவுக்குள் வரண்ட காற்றாக இறங்கும். கொழுந்து வாடி, இலைக்குள் மணம் திரளும். வாயில் குளிர்ச்சி தட்டும் அந்த மணத்துக்காகவே தேயிலை வியாபாரிகள் ஊவாவை டார்ஜிலிங், சீனாவின் கீமன் ஆகியவற்றோடு சேர்த்துப் பேசுகிறார்கள். இலங்கைத் தேயிலைச் சபை நாட்டை ஏழு தேயிலை வலயங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி இலச்சினை வைத்திருக்கிறது. ஊவா அவற்றில் ஒன்று. 2010 இல் ஏற்றுமதியாகும் ஒவ்வொரு கிலோவுக்கும் 3.50 ரூபாய் மேம்பாட்டு வரி விதித்து, உலகளாவிய விளம்பரத்துக்கென நிதி சேர்த்தார்கள். அந்தப் பணத்தை எங்கே, எப்படிச் செலவிடுவது என்பது ஏற்றுமதியாளர்களுக்கும் அரசுக்கும் இடையிலான விவாதமாகவே பல வருடங்கள் ஓடியது. கொழுந்து பறிப்பவர்களிடம் யாரும் கேட்கவில்லை. இந்த வகைச் சந்தைப்படுத்தல் நாட்டுக்குத் தேவைதான். ஆனால் அது சமூகத்தை வலுப்படுத்தும் வேலை அல்ல, அப்படிச் சொல்லிக்கொள்ளவும் கூடாது.

இரண்டாவது வகை சான்றிதழ். ஹப்புத்தளைக்கு அருகே இதல்கஸ்ஹின்ன தோட்டத்தில் ஸ்டாசன் நிறுவனம் 1980களின் இறுதியில் இரசாயன உரமில்லாத தேயிலைச் செய்கையைத் தொடங்கியது. உலகில் மிக முற்பட்ட இயற்கைத் தேயிலைத் தோட்டங்களில் ஒன்றாக அது பேசப்படுகிறது. அதன் பின் ஃபெயார்ட்ரேட், ரெயின்ஃபொரஸ்ட் அலையன்ஸ் போன்ற சான்றிதழ்கள் மலைநாட்டுக்குள் வந்தன. பக்கெட்டின் மேல் ஒட்டும் முத்திரை என்றே பலர் இவற்றை நினைக்கிறார்கள். ஆனால் ஃபெயார்ட்ரேட்டுக்குள் ஒரு பணப் பொறிமுறை இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்பது பயன் தரும்.

ஃபெயார்ட்ரேட் விதிப்படி விற்கும் தேயிலையில், விலைக்கு மேலாக ஒரு கிலோவுக்குப் பொதுவாக 50 அமெரிக்க சதம் மேலதிகமாக வர வேண்டும். இது கம்பனிக்குப் போகாது, தனிக் கணக்கொன்றில் விழும். தொழிலாளர்கள் தேர்ந்தெடுக்கும் குழு அதை எப்படிச் செலவிடுவது என்று திட்டம் போட வேண்டும். தொழிலாளர் பொதுக்கூட்டம் அதை அங்கீகரிக்க வேண்டும். நிர்வாகத்தின் ஆட்கள் ஆலோசனை சொல்லலாம், வாக்களிக்க முடியாது. 2014 இல் திருத்தப்பட்ட விதிகள், ஒரு பகுதியைப் பணமாகவே தொழிலாளருக்குப் பிரித்துக் கொடுக்கவும் இடம் தருகின்றன. பொதுவாக அந்த எல்லை ஐந்தில் ஒன்று.

ஒரு கணக்குப் போடலாம். ஒரு பெண் நாளைக்கு 18 கிலோ கொழுந்து பறிக்கிறார் என்று வையுங்கள். சுமார் நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலை. ஆக, அவர் பறித்ததில் நான்கு கிலோ தேயிலை வரும். அத்தனையும் ஃபெயார்ட்ரேட்டாக விற்றால் அவருடைய ஒரு நாள் உழைப்பிலிருந்து 2 டொலர், டொலருக்கு 300 ரூபாய் என்று பார்த்தால் 600 ரூபாய், அந்தப் பொதுக் கணக்குக்கு வருகிறது. 2024 செப்டெம்பர் வர்த்தமானி நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய். ஒப்பிட்டுப் பாருங்கள், சிறிய தொகை இல்லை.

"அத்தனையும் விற்றால்" என்பதில்தான் கதை முழுவதும் இருக்கிறது. சான்றிதழ் பெற்ற தோட்டத்தின் முழு உற்பத்தியும் அந்த முத்திரையோடு போவதில்லை. வாங்குபவர் கேட்ட அளவு மட்டுமே போகும். மீதி கொழும்பு ஏலத்தில் சாதாரணத் தேயிலையாகக் கலந்துவிடும். சான்றிதழுக்கான செலவும் தரக் கணக்காய்வும் முழுத் தோட்டத்துக்கு. இன்னொரு சிக்கலும் உண்டு. கம்பனி சட்டப்படி செய்ய வேண்டிய எதற்கும் இந்தப் பணத்தைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது விதி. நம் தோட்டங்களில் லயத்துக் கூரை யாருடைய பொறுப்பு? பிள்ளைக் காம்பரா? ஸ்டோருக்கும் லயத்துக்கும் இடைப்பட்ட பாதை? இவற்றுக்குத் தெளிவான பதில் இல்லாத இடத்தில், தொழிலாளரின் பணம் கம்பனியின் வேலையைச் செய்துவிடக்கூடிய ஆபத்து எப்போதும் இருக்கிறது. ஆனாலும் இந்த முறையை நான் மதிக்கிறேன். அதற்குக் காரணம் தொகை அல்ல. பெரிய துரை வாக்களிக்க முடியாத ஒரு கூட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண் கை உயர்த்துகிறார். மலையகத் தோட்டத்தின் இருநூறு வருட ஒழுங்கில் அது சாதாரண விடயமில்லை.

மூன்றாவது வகைதான் இப்போது எல்லோரும் பேசுவது: சுற்றுலா. பீகோ டிரெயில் என்ற நடைபாதை கண்டி ஹந்தானையில் தொடங்கி, ஹப்புத்தளை, எல்ல வழியாகச் சுற்றி, நுவரெலியா பீட்ரு தோட்டத்தில் முடிகிறது. 300 கிலோமீற்றருக்கு மேல், 22 கட்டங்கள். ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவின் யுஎஸ்எய்டும் நிதி கொடுத்தன. பழைய தேயிலைப் பாதைகளை இணைத்து, அடையாளப் பலகை நட்டு, வரைபடம் போட்டு, உலகத்துக்கு அறிமுகம் செய்தார்கள். சந்தைப்படுத்தல் என்ற அளவில் அருமையான வேலை; புதிய கட்டடம் எதுவும் தேவைப்படாத யோசனை. (2023 இல் மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்ததும் ஒரு நடைதான். இரண்டு நடைகளும் ஒன்றையொன்று அறிந்ததாகத் தெரியவில்லை.)

பாதை லயத்து வாசல் வழியாகப் போகிறது. நடந்து களைத்த பயணிக்குத் தேநீர், ரொட்டி, இரவு தங்க ஒரு அறை வேண்டும். லயத்தில் இருப்பவர் இவற்றைக் கொடுக்க முடியுமா? ரொட்டி சுடலாம். லிப்டன் சீட் உச்சியில் சின்னக் கடையில் தேநீரும் ரொட்டியும் விற்கத்தான் செய்கிறார்கள். தம்பேதென்னவிலிருந்து ஓட்டோ ஓட்டும் பொடியன்களுக்கும் வருமானம் உண்டு. அதற்கு மேல் ஏறும்போதுதான் கதவு மூடுகிறது. தங்கும் வீடாகப் பதிய, இடத்தில் உங்களுக்கு என்ன உரிமை என்று காட்ட வேண்டும். வங்கிக் கடனுக்கும் அதே கேள்வி. லயத்து அறை குடியிருப்பவருடையது அல்ல. 1970களில் அரசு தோட்டங்களைச் சுவீகரித்தது, 1992 இல் நிர்வாகம் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குப் போனது. நிலம் அரசினது, குத்தகை கம்பனியினது. பல லயங்களுக்குத் தனி முகவரிகூட இல்லை. கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வரும். இணையத்தில் வீட்டைப் பதிந்து வரைபடத்தில் புள்ளி வைக்கப் பயிற்சி கொடுக்கும் ஆலோசகர், பயிற்சி பெறுபவருக்கு வீட்டு இலக்கமே இல்லை என்பதை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

அதனால் விளைவு ஊகிக்கக்கூடியதே. எல்ல நகரில் காணி வைத்திருப்பவர் ஹோட்டல் கட்டுகிறார், கம்பனி பழைய துரை பங்களாவை உல்லாச விடுதியாக்குகிறது, லயத்துப் பிள்ளை அங்கே வேலைக்குப் போகிறது. வேலை கிடைப்பது நல்லதுதான். ஆனால் திட்ட அறிக்கையில் அதன் பெயர் "சமூக உரிமை" என்று வருகிறது. அதைத்தான் ஏற்க முடியவில்லை.

காணி என்ற கேள்வி நகரவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 7 பேர்ச் காணியோடு தனி வீடு என்பது 2015 முதல் அரச கொள்கை. 2025 ஒக்டோபரில் பண்டாரவளையில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க முன்னிலையில், இந்திய வீடமைப்புத் திட்டத்தின் கீழ் சுமார் 2000 குடும்பங்களுக்கு வீட்டுரிமைப் பத்திரங்கள் வழங்கப்பட்டன. அடுத்த மாதமே டித்வா புயல். மண்சரிவில் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. 2014 இல் மீரியபெத்தையில் லயங்கள் புதைந்ததற்கு முன்பும் இடம்பெயரச் சொல்லி எச்சரிக்கை வந்திருந்தது. போவதற்குச் சொந்தமாக ஓர் அங்குலம் நிலம் இல்லாதவர்களுக்கு அந்த எச்சரிக்கையால் என்ன செய்ய முடியும்?

அமைப்புகளை வலுப்படுத்துகிறோம் என்று வருபவர்கள் பெரும்பாலும் புதிய அமைப்பொன்றை உருவாக்குவார்கள். திட்டம் முடிய அதுவும் முடியும். ஏற்கெனவே இருப்பவற்றைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு தோட்டத்திலும் மரண உதவிச் சங்கம் இருக்கிறது, கோயில் கமிட்டி இருக்கிறது, பெண்கள் சீட்டுப் பிடிக்கிறார்கள். எழுதி வைத்த கணக்கு, நம்பிக்கை, கடன் திருப்பும் ஒழுக்கம் எல்லாம் அங்கே உண்டு. தோட்டத் தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டப்படி பதிந்த அமைப்புகள். ஆனால் பல இடங்களில் தோட்ட முகாமையாளரே அதன் தலைவர். ஒரு ஆலோசகர் உண்மையில் உதவ விரும்பினால், அந்தத் தலைமையைத் தொழிலாளர் கைக்கு மாற்றுவதற்கு உபவிதிகளை எழுதிக் கொடுக்கலாம். கணக்காய்வைத் தமிழில் செய்யக் கற்றுக்கொடுக்கலாம். இதற்கு அழகான புகைப்படம் வராது என்பது எனக்குத் தெரியும். இத்தகைய திட்டங்களுக்கு "வெற்றிக் கதை" எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

பிரதேச சபையையும் மறந்துவிட முடியாது. 1987 ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆவது பிரிவு, தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. வாக்குப் போடலாம்; பாதை கேட்க முடியாது. 2018 இல் அது திருத்தப்பட்டது. இப்போது பீகோ டிரெயில் போகும் லயத்துப் பாதைக்கு மின்விளக்கு, கழிப்பறை, குப்பைத் தொட்டி ஆகியவற்றைப் பிரதேச சபையிடமே கேட்கலாம். 2025 இன் ஆரம்பத்தில் அமெரிக்கா யுஎஸ்எய்ட் நிதியை நிறுத்திவிட்டது, ஜூலையில் அந்த நிறுவனத்தின் உதவிப் பணிகளையே மூடிவிட்டது. நடைபாதையின் பலகைகள் இன்னும் நிற்கின்றன. அவற்றைப் பராமரிக்க யார் கையெழுத்திடப் போகிறார்கள், பயணியிடம் அறவிடும் கட்டணம் ஏதாவது வந்தால் அது எந்தக் கணக்கில் விழும், அந்தக் கணக்கின் புத்தகத்தை லயத்தில் இருப்பவர் கேட்டுப் பார்க்க முடியுமா என்பவை அடுத்த சபைக் கூட்டத்தில் எழுப்பக்கூடிய கேள்விகள்.