சம்பளமில்லாத ஷெரீப்!

'ஷெரீப்' என்றதும் யாரோ ஒரு முஸ்லிம் கனவானின் பெயர் என்று நினைத்து விடாதீர்கள். சென்னைப் பட்டணத்தில் மேயருக்கு அடுத்த அந்தஸ்தில் இருந்த ஓர் உத்தியோகத்தின் பெயர் அது. சம்பளம் கிடையாது, பதவியும் ஒரு வருஷந்தான். ஆனாலும் அதை வேண்டாம் என்று சொல்லியிருக்கக் கூடிய பெரிய மனிதரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்!

இங்கிலாந்தில் ஆதிகாலத்து ஷெரீப் ஒரு ஜில்லாவுக்கே மணியக்காரர் மாதிரி. அரசனுக்காக வரி வசூலிப்பார், குற்றவாளியைப் பிடிப்பார். இன்றோ அது அலங்காரப் பதவி. புது ஷெரீப்பின் பெயருக்கு எதிரே மன்னர் பேனாவால் குறியிடுவதில்லை, ஊசியால் குத்துகிறார்! முதலாம் எலிசபெத் ராணி தையலில் ஈடுபட்டிருந்தபோது பேனா அகப்படாமல் ஊசியால் குத்திவிட்டாளாம். வெறும் கதைதான், ஆனாலும் நமக்கு நம்ப ஆசையாயிருக்கிறது, இல்லையா? ஸ்காட்லாந்தில் விஷயமே வேறு. அங்கே ஷெரீப் என்பவர் இன்றும் தீர்ப்புச் சொல்லும் நிஜ நீதிபதி. தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியை வளர்த்த ஸ்காட்லாந்துப் பாதிரிமார்கள் நம் ஊர் ஷெரீப்பைப் பார்த்துச் சற்றுத் திகைத்துத்தான் இருப்பார்கள்.

சென்னைக்கு இந்தப் பதவியைக் கொண்டு வந்தது 1726-ஆம் வருஷத்து அரச சாஸனம். அதனால் மேயர் கோர்ட்டு ஏற்பட்டது. சம்மன் கொடுக்கவும், கடன்காரரைப் பிடிக்கவும், சொத்தை ஜப்தி செய்யவும் ஆள் வேண்டுமே! 1862-இல் ஹைக்கோர்ட்டு வந்த பிறகும் இவை ஷெரீப் பெயரால்தான் நடந்தன. வேலை பார்த்தவர்கள் என்னவோ ஆபீஸ் சிப்பந்திகள். ஷெரீப்புக்கு மிஞ்சியது கூட்டம் கூட்டுவதும் விருந்தாளிகளை வரவேற்பதும்.

இதில் ஒரு வேடிக்கை. ஷெரீப்பின் ஆணை பட்டணத்து எல்லையோடு சரி. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் எல்லாம் அப்போது செங்கற்பட்டு ஜில்லா. வெளிநாட்டுப் பிரமுகர்கள் வந்து இறங்கும் மீனம்பாக்கமும் அப்படியே! அதிகாரம் செல்லாத இடத்தில்தான் அவருக்கு மாலையும் கையுமாக வேலை.

1956-இல் அந்தப் பதவிக்கு ஒரு பெண் வந்தார்: ஸ்ரீமதி மேரி கிளப்வாலா ஜாதவ். உதகமண்டலத்தில் 1909-இல் பிறந்த பார்ஸி குலப் பெண். பதினெட்டு வயதில் கல்யாணம். 1935-இல் கணவர் காலமாகிவிட்டார். கையில் ஒரு சிறு பிள்ளை. மூலையில் உட்கார்ந்து விடாமல் 'கில்ட் ஆப் சர்வீஸ்' சங்கத்தில் உழைத்தார். யுத்தத்தின் நடுவே, 1942-இல், போர் வீரர்களை உபசரிக்க ஒரு குழு அமைத்தார். தொண்டு செய்ய நல்ல மனசு மட்டும் போதாது, பயிற்சியும் வேண்டும் என்று 1952-இல் சென்னையில் சமூக சேவைக்கென்றே ஒரு கல்லூரி கண்டார். ஆக, ஷெரீப் ஆவதற்கு வெகு முன்பே ஊர் அவரை அறிந்திருந்தது. கூட்டம் கூட்டவும் கதவைத் தட்டவும் அவருக்குப் பட்டம் தேவைப்படவில்லை. என்னைக் கேட்டால், அந்த வருஷம் லாபம் பதவிக்குத்தான்.

பம்பாயிலும் கல்கத்தாவிலும் ஷெரீப் பதவி நீடித்தது. நடிகர் திலீப்குமார் 1980-இல் பம்பாய் ஷெரீப்பானார். சென்னையில் மட்டும் 1990-களின் கடைசியில் அதை எடுத்துவிட்டார்கள்.

அன்று எல்லைக்கு வெளியே கிடந்த தாம்பரம் 2021-இல் தானே மாநகராட்சி ஆயிற்று. 2022-இல் வசந்தகுமாரி என்ற இளம் பெண் அதன் முதல் மேயரானார். ஷெரீப் என்று ஒருவர் இருந்திருந்தால், அன்று மாலை வாங்கிக்கொண்டு தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஏறியிருப்பார்!