ஒரு முகமும் முப்பது லட்சம் பேரும்

கேள்வித்தாளை நிரப்பிக் கொடுத்தவர்களுக்கு ஐந்து ஒரு டாலர் நோட்டுகள் கிடைத்தன. கூடவே ஒரு காலி உறையும், நன்கொடை கேட்கும் கடிதமும். விரும்பியதை உறைக்குள் போட்டுத் தரலாம். பணம் 'சேவ் தி சில்ரன்' அமைப்புக்குப் போகும். அமெரிக்க ஆய்வாளர்கள் டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டீன், பால் ஸ்லோவிக் 2007இல் வெளியிட்ட ஆய்வு இது.

கடிதம் எல்லோருக்கும் ஒன்றல்ல. சிலருக்கு மாலி நாட்டில் பசியால் வாடும் ரோக்கியா என்ற ஏழு வயதுச் சிறுமியின் படமும் கதையும். சிலருக்கு, மலாவியில் உணவின்றித் தவிக்கும் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் என்பது போன்ற புள்ளிவிவரங்கள். ரோக்கியாவுக்குச் சராசரியாக 2.38 டாலர் விழுந்தது. லட்சக்கணக்கானோருக்கு 1.14.

இரண்டையும் ஒரே கடிதத்தில் சேர்த்தால்? படம் மனதை உருக்கும், எண்ணிக்கை அவசரத்தை உணர்த்தும், கொடை கூடும் என்றுதான் நினைப்போம். கிடைத்ததோ 1.43 டாலர். ரோக்கியாவுக்கு மனதில் கிடைத்திருந்த இடத்தையும் எண்கள் பறித்துக்கொண்டன. ஒரு குழந்தையின் பசியை மனக்கண்ணில் பார்க்க முடிகிறது; முப்பது லட்சம் பேரின் பசி முன்னால் மனம் மரத்துப்போகிறது.

இந்த மனச்சாய்வை முன்கூட்டியே விளக்கிச் சொன்னால் மாறுவோமா? அதையும் செய்து பார்த்தார்கள். விளக்கம் பெற்றவர்கள் ரோக்கியாவுக்குத் தருவதைக் குறைத்தார்கள். கூட்டத்துக்குத் தருவதைக் கூட்டவில்லை. என்னை அதிகம் கலங்கவைப்பது இந்த முடிவுதான். யோசித்துக் கொடு என்கிறோம். யோசிக்கத் தொடங்கியதும் கை மடங்கிக்கொள்கிறது. ஆகவே இரக்கத்தைக் குறைசொல்லிப் பயனில்லை. அது வரும் நேரத்தைப் பயன்படுத்திக்கொள்ளத்தான் வேண்டும்.

2015 செப்டம்பரில் துருக்கிக் கடற்கரையில் உயிரற்று ஒதுங்கிக் கிடந்த சிரியச் சிறுவன் ஆலன் குர்தியின் படம் உலகெங்கும் வெளியானது. அதற்கு முன்பே சிரியப் போரில் லட்சக்கணக்கானோர் மாண்டிருந்தார்கள். படம் வந்த வாரத்தில், சிரிய அகதிகளுக்காக ஸ்வீடன் செஞ்சிலுவைச் சங்கம் திரட்டிய நிதியில் தினமும் சேர்ந்த தொகை, முந்தைய வாரத்தைவிடச் சுமார் 55 மடங்கானது. ஆறே வாரத்தில் அந்த வேகம் பெரும்பாலும் வடிந்துவிட்டது. போர் ஓயவில்லை.

ஆனால் அந்த நாட்களில் சிலர் ஒரு முறை கொடுத்ததோடு நிற்காமல், மாதாமாதம் தருவதாகப் பதிவுசெய்துகொண்டார்கள். ஆகஸ்டில் 106 ஆக இருந்த இந்த மாதக் கொடையாளர்கள் செப்டம்பரில் 1,061 ஆனார்கள். அடுத்த ஜனவரியில் பார்த்தபோது, அவர்களில் ஏறக்குறைய எல்லோரும் தொடர்ந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.