வேலியோரச் செங்காந்தளும் ஒரு தூரிகையும்

ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவர் இராபர்ட் வைட் 1819ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார். 1830களில் தம் படைப்பிரிவுடன் பெல்லாரியிலிருந்து பாளையங்கோட்டைக்கு வந்த அவர், மருத்துவப் பணி போக எஞ்சிய நேரத்தில் குற்றாலத்து மலைச்சாரலில் செடிகொடிகளைச் சேகரித்தார். அவருக்காகத் தாவரங்களை வண்ணத்தில் தீட்டியவர்கள் ரங்கையாவும், அவருக்குப் பின் கோவிந்துவும். 1838 முதல் 1853 வரை வெளிவந்த வைட்டின் ஆறு தொகுதி நூலில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரையே அவர் சூட்டினார்.

கைதேர்ந்த ஓவியர்கள் செய்த பணி அது. நமக்கு அது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அறுவைச் சிகிச்சைக்குப் பின் வீடு திரும்பியவர்களுக்குப் பல வேளைகளில் நோயைவிட ஓய்வே பெருஞ்சுமையாகிறது. நாள் முழுதும் தம் உடம்பையே கவனித்திருப்பதால் சிறு படபடப்பும் அவர்களை அச்சுறுத்துகிறது. அந்தக் கவனத்தை அரைமணி நேரமாவது வெளியே ஈர்க்க ஒரு பூ போதும். அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட ஆய்வில், 39 பேர் 45 நிமிடம் கலைப்பணியில் ஈடுபட்டனர்; ஏறத்தாழ நால்வரில் மூவருக்குக் கார்டிசால் என்னும் மன அழுத்த இயக்குநீர் குறைந்தது. முன்பயிற்சி இருந்ததா என்பது பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை. ஆயினும் அவர்கள் நலமுடன் இருந்தவர்கள், எண்ணிக்கையும் சிறிது. ஆகவே இதை மருந்துச் சீட்டில் எழுத மாட்டேன். பரிந்துரைக்கத் தயங்கவும் மாட்டேன்.

தாமிரபரணிக் கரையோர ஊர்களில் மழைக்காலத்தில் வேலியில் படரும் செங்காந்தளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பத்து நிமிடம் தூரிகையைத் தொடாமல் பார்த்திருங்கள். ஆறு இதழ்களும் பின்னோக்கி வளைந்திருக்கும். சூல்தண்டு அடியிலேயே பக்கவாட்டில் மடங்கி நிற்கும். இலையின் நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டிருக்கும். நாள்தோறும் பார்த்த பூவில் இத்தனை இருந்ததா என்று வியப்பீர்கள். பென்சிலால் மெல்லிய கோடு போட்டபின் மஞ்சளை நீர்த்துப் பூசுங்கள். ஈரம் இருக்கும்போதே நடுவில் சிவப்பைத் தொட்டு வைத்தால் இரண்டும் தாமே கலந்துகொள்ளும். நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது பெரும்பாலும் பூசாமல் விட்ட தாள்தான். நம்மூர் வெயிலில் தாள் விரைவில் உலர்ந்துவிடும் என்பதால் ஓரிதழ் ஓரிதழாகத் தீட்டுவது நல்லது. கை நடுங்கினாலும் கவலை வேண்டா. இதழோரம் இயல்பாகவே நெளிந்துதான் இருக்கிறது. அதே பூ சில நாட்களில் மஞ்சள் மறைந்து முழுச் சிவப்பாகும். விரும்பினால் மறுபடியும் தீட்டலாம்.

மருத்துவனாகச் சில சொற்கள். செங்காந்தளின் எல்லாப் பகுதியும், குறிப்பாகக் கிழங்கு, கொடிய நஞ்சு, அரளியும் அவ்வாறே. குழந்தைகள் உள்ள வீட்டில் அவற்றைப் பறித்து வராமல், கொடியில் வைத்தே வரையுங்கள். தொட நேர்ந்தால் கையைக் கழுவுங்கள். தூரிகை முனையை நாவால் கூர்மையாக்காதீர்கள். புற்றுநோய் மருந்தால் வெள்ளணுக்கள் குறைந்திருப்போர் பூவையும் மண்ணையும் தவிர்த்து, புகைப்படத்தைப் பார்த்து வரையட்டும். தூரிகை கழுவும் தண்ணீரை, குடிக்கும் குவளையிலிருந்து தள்ளியே வையுங்கள்.