எந்தக் கணக்கில் 7.4 சதவீதம்?

டீயை எடுத்துக்கொள்ளுங்கள் அக்கா, நிதானமாகப் பேசுவோம். மார்பில் கரண்ட், அதாவது கதிர்வீச்சு வைத்தால் பிற்காலத்தில் இதயத்துக்கு ஆகாது என்று உங்களிடம் யாரோ சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் எவ்வளவு உண்மை என்பதைக் கணக்குப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஆக்ஸ்ஃபோர்டின் சாரா டார்பி குழுவினர் 2013-இல் அந்தக் கணக்கைப் போட்டார்கள். சுவீடனிலும் டென்மார்க்கிலும் 1958 முதல் 2001 வரை மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்ற பெண்கள். அவர்களில் பின்னால் மாரடைப்பு போன்ற பாதிப்பு வந்த 963 பேர் ஒரு பக்கம், வராத 1,205 பேர் மறுபக்கம். ஒவ்வொருவரின் பழைய சிகிச்சைச் சீட்டையும் தேடியெடுத்து, இதயத்தில் எவ்வளவு கதிர் விழுந்திருக்கும் என்று மதிப்பிட்டார்கள். எத்தனை பொறுமை வேண்டும், பாருங்கள்!

இடது மார்பில் சிகிச்சை பெற்றவர்களின் இதயத்துக்குச் சராசரியாக 6.6 கிரே (கதிரின் அளவைச் சொல்லும் அலகு) போயிருந்தது, வலது என்றால் 2.9. கட்டி எந்தப் பக்கம் வரும் என்பதை வயதோ வசதியோ சாப்பாடோ தீர்மானிப்பதில்லை. அதனால் இடம், வலம் என்று பிரித்துப் பார்க்கும்போது, இதய நோயில் தெரியும் வேறுபாட்டைக் கதிரின் மேல் துணிந்து சுமத்தலாம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

கிடைத்த விடை: இதயத்தின் சராசரி அளவு ஒரு கிரே கூடினால் ஆபத்து 7.4 சதவீதம் கூடும். இந்த அளவுக்குக் கீழே பயமில்லை என்று ஒரு கோடு போட முடியவில்லை. அந்த ஆபத்து முதல் ஐந்து ஆண்டுக்குள்ளேயே தொடங்கி, இருபது ஆண்டு தாண்டியும் தொடர்கிறது.

பயப்படுவதற்கு முன், எதில் 7.4 என்று கேளுங்கள். 50 வயதுப் பெண்கள், இதய நோயைக் கூட்டும் காரணம் எதுவும் ஏற்கெனவே இல்லாத ஆயிரம் பேர் என்று வையுங்கள். 80 வயதுக்குள் மாரடைப்பு வகை நோயால் இறப்பவர்கள் எப்படியும் 19 பேர். 3 கிரே விழுந்தால் அது 24 ஆகிறது. சர்க்கரை நோய், புகைப்பழக்கம் போல ஏதாவது ஒன்று ஏற்கெனவே இருந்தால் 34 என்பது 41 ஆகிறது. முன்னதில் ஐந்து பேர் கூடுதல், பின்னதில் ஏழு பேர். சதவீதம் பெரிதாக மாறவில்லை, அடியில் இருக்கும் எண்தான் பெரிது.

இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டுமே. மார்பை எடுக்காமல் கட்டியை மட்டும் அகற்றிக்கொண்ட 10,801 பெண்களின் கணக்கு 2011-இல் வந்தது. 15 ஆண்டுக்குள் மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள், கதிர்வீச்சு இல்லாமல் நூற்றுக்கு 25.2, கதிர்வீச்சோடு 21.4. ஆயிரத்துக்கு 38 உயிர். இரண்டு கணக்கின் கால அளவும் ஒன்றல்ல. ஆனாலும் எந்தப் பக்கம் கனம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

உங்களுக்கு இடது பக்கம் என்பதால், மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கதிர் வாங்கும் முறை சரிப்படுமா என்று கேளுங்கள். நெஞ்சு விரியும்போது இதயம் மார்பை விட்டுக் கொஞ்சம் விலகும். இதயத்துக்குச் சராசரி எத்தனை கிரே என்றும் கேளுங்கள். திட்டம் போடும் கணினியிலேயே அந்த எண் இருக்கும், டாக்டர் பார்த்துச் சொல்லிவிடுவார். சர்க்கரை மாத்திரையை மட்டும் ஒரு வேளைகூட விட்டுவிடாதீர்கள்.