255 எப்படி 219 ஆனது?

ஒரு ஸ்டாக் தளத்தில் படம் போட ஆரம்பித்த புதிது. நான் எடுத்த செம்பருத்தி என் கணினியில் பளிச்சென்று இருந்தது. தளத்தின் தம்ப்நெயிலிலோ பலமுறை துவைத்த துணி மாதிரி வெளுத்துக் கிடந்தது. ஆறு மாதம் ஒருத்தரும் வாங்கவில்லை. முதலில் மானிட்டரைத்தான் திட்டினேன். அப்புறம்தான் பிக்சல் எண்களைப் பார்ப்போமே என்று தோன்றியது.

ஜேபெக் கோப்பில் இருப்பது நிறம் அல்ல, எண்கள். திஸ்கியில் எழுதிய பக்கத்தை யூனிகோடாகத் திறந்தால் என்ன ஆகும்? கோழிக் கிறுக்கல்தான். அதே கதைதான் இங்கேயும். எந்த எண் எந்த நிறம் என்று சொல்வது கலர் ப்ரொஃபைல்.

எஸ்ஆர்ஜிபி 1996-இல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் சாதாரண மானிட்டர்களை மனதில் வைத்துக் கொண்டுவந்தது. அடோபி ஆர்ஜிபி 1998-இல் வந்தது. பச்சை, நீலப்பச்சைப் பக்கம் இன்னும் விரிந்தது, அச்சுக்கு உதவும். (வேறொரு தரநிலையின் எண்களைத் தவறாக எடுத்ததில் பிறந்தது அது. பயனர்களுக்குப் பிடித்துப்போகவே பெயரை மாற்றி வைத்துக்கொண்டார்கள். பக் ஃபீச்சரான கதை, நம்ம தொழிலில் சகஜம்!)

எஸ்ஆர்ஜிபியின் முழுச் சிவப்பு 255, 0, 0. அதே சிவப்பு அடோபி ஆர்ஜிபியில் 219, 0, 0. என் கேமரா அடோபி ஆர்ஜிபியில் இருந்திருக்கிறது. கோப்புப் பெயர் அடிக்கோட்டில், அதாவது அண்டர்ஸ்கோரில், தொடங்கினால் அதுதான் அடையாளம். இத்தனை நாள் கவனிக்கவே இல்லை. ஃபோட்டோஷாப் ப்ரொஃபைலைப் படித்துச் சரியாகக் காட்டியது. தம்ப்நெயில் செய்யும்போது தளம் ப்ரொஃபைலைக் கழற்றிவிட்டது. பிரவுசர் 219-ஐ எஸ்ஆர்ஜிபி என்றே எடுத்துக்கொண்டது. சிவப்பு செத்தது.

திருத்தப் போய் இன்னொரு தப்பும் செய்தேன். 'அசைன் ப்ரொஃபைல்' கொடுத்தேன். அது லேபிளை மட்டும்தான் மாற்றும். 219 அப்படியே 219 தான். இப்போது ஃபோட்டோஷாப்பிலும் வெளுத்துவிட்டது! எண்களை மாற்றிக் கணக்கிடுவது 'கன்வர்ட் டு ப்ரொஃபைல்'. அதில் எஸ்ஆர்ஜிபி கொடுத்து, சேமிக்கும்போது ப்ரொஃபைலைச் சேர்க்கும் பெட்டியையும் டிக் செய்யுங்கள். லைட்ரூம்காரர்களுக்கு எக்ஸ்போர்ட்டில் எஸ்ஆர்ஜிபி என்று தேர்ந்தெடுத்தால் போதும்.

மாற்றும்போது சில அடர்ந்த நீலப்பச்சைகள் வெட்டுப்படும். அதனால் ரா கோப்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தளமே அடோபி ஆர்ஜிபி வேண்டும் என்று எழுதியிருந்தால் அதையே கொடுங்கள். எதுவும் சொல்லாவிட்டால் எஸ்ஆர்ஜிபிதான்.

செம்பருத்தியை மறுபடி ஏற்றிவிட்டேன், இப்போது சிவப்பாகவே இருக்கிறது. அடிக்கோட்டில் தொடங்கும் கோப்புகள் இன்னும் 140 பாக்கி.