ஸ்கூட்டர் சாவியும் ஜேம்ஸ் வாட்ஸனும்

மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடு முழுக்கத் தேடினால் அது ஜோக். எங்கள் பெரியப்பாவும் ஜோக்காகத்தான் ஆரம்பித்தார். கடைசியில் ஒருநாள் காபி கொண்டுவந்த பெரியம்மாவைப் பார்த்து, "ஏம்மா, நீங்க யார் வீட்டுப் பொண்ணு?" என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து ஸ்கூட்டர் சாவியைக் காணோம் என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். மூளை ஸ்கேனையும் ஜீனையும் கம்ப்யூட்டரிடம் கொடுத்தால், மறதி நோய் வருமா என்று முன்கூட்டியே சொல்லிவிடுமாம். விடுவேனா? துருவித் துருவிப் படித்தேன்.

மூளையில் ஹிப்போகாம்பஸ் என்று ஒரு சமாசாரம், கடல்குதிரை வடிவத்தில். புது ஞாபகங்களைப் பதிந்துவைக்கும் குமாஸ்தா. அல்ஸைமர் நோயில் சீக்கிரமே சுருங்கும் இடங்களில் அதுவும் ஒன்று. ஜீனில் பார்த்தால், 19-ம் குரோமோசோமில் ஏபிஓஈ. அதில் நாலாம் ரகம் அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என வந்து சேர்ந்தால் ரிஸ்க் பல மடங்கு.

அமெரிக்காவில் 2004-ல் ஏடிஎன்ஐ என்ற திட்டம் ஆரம்பித்து, வயதானவர்களை வருஷக்கணக்காக ஸ்கேன் எடுத்து, ஞாபக டெஸ்ட் வைத்துச் சேர்த்திருக்கிறார்கள். மெஷின் லேர்னிங் ஆசாமிகள் பெரும்பாலும் மேய்வது அதில்தான். பின்னால் யாருக்கு நோய் வந்தது என்று தெரிந்த ஸ்கேன்களைக் காட்டிக் காட்டி மெஷினைப் பழக்குவது. பிறகு புது ஸ்கேனை நீட்டி, "இப்ப சொல்லு பார்ப்போம்!"

சொன்னது. பிரமாதமான மார்க். 2020-ல் பாரிஸ் குழு ஒன்று இந்த ரகக் கட்டுரைகளைப் புரட்டிப் பார்த்தால், பாதிக்கு மேல் கொஸ்டின் பேப்பர் அவுட் ஆகியிருக்கும் போலிருக்கிறது! ஒரே ஆளுடைய ஸ்கேன்களில் சில பாடத்தில், சில பரீட்சையில். மெஷின் நோயைப் பார்க்கவில்லை சார், ஆளைப் பார்த்துவிட்டது.

நேர்மையான பரீட்சையும் நடந்தது. 2017-ல் டாட்போல் போட்டி. டாட்போல் என்றால் தலைப்பிரட்டை. விடைத்தாளே கிடையாது, அந்த நோயாளிகளின் அடுத்த ஸ்கேன் அப்போது எடுக்கப்படவே இல்லை. 33 குழுக்கள் மோதின. நோய் யாருக்கு முற்றும், மூளைக்குள் நீர் அறைகள் எவ்வளவு பெருக்கும் என்பதை நன்றாகவே சொன்னார்கள். ஞாபக டெஸ்டில் என்ன மார்க் வாங்குவார் என்பதில் மட்டும் குருட்டாம்போக்கைத் தாண்டவில்லை. (ஜெயித்த குழுவின் பெயர் தவளை. நிஜமாக!)

சரி, மெஷின் தேறிவிட்டது என்றே வையுங்கள். தெரிந்துகொள்ள ஆசையா?

டிஎன்ஏ-யின் வடிவத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் வாட்ஸனின் முழு ஜீனோமையும் 2007-ல் படித்து உலகத்துக்கே வெளியிட்டார்கள். அவருக்கு அப்போது 79 வயது. "ஏபிஓஈ மட்டும் வேண்டாம்" என்றுவிட்டார். பாட்டிக்கு அல்ஸைமர். மறைத்தார்கள். அக்கம்பக்கத்து எழுத்துக்களை வைத்தே ஊகிக்கலாம் என்று வேறு விஞ்ஞானிகள் சொல்ல, அக்கம்பக்கத்தையும் சேர்த்து நீக்கினார்கள்.

நோபல் வாங்கியவரே பயந்தால் நான் எம்மாத்திரம்? "எனக்கும் வேண்டாம்ப்பா" என்றேன் மனைவியிடம்.

"உங்களுக்கு வேண்டாம், சரி. எனக்குச் சொல்லிடச் சொல்லுங்க" என்றாள் அவள். "காபியோட நிக்கப் போறது நான்தானே?"

ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று சாவியைத் தேட ஆரம்பித்தேன். அது சட்டைப்பையில்தான் இருந்தது. எனக்கும் தெரியும்.