திராட்சையில் மறைந்திருக்கும் மருந்து

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சை ஆண்டு முழுவதும் மதுரைக் கடைகளுக்கு வருகிறது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பழம் இது. கொத்தைக் கையில் எடுத்தால் பழத்தின்மேல் வெண்மையாக ஏதோ படிந்திருக்கும். மருந்து என்று பலர் அஞ்சுவர். பெரும்பாலும் அது பழமே சுரந்த மெழுகுப் பூச்சுதான். மருந்தின் எச்சமோ கண்ணுக்குத் தெரிய வேண்டியதில்லை. அப்படியானால் அதை நீக்குவதும் கண்டறிவதும் எவ்வாறு?

கழுவினால் போகுமா?

அடிச்சாம்பல், சாம்பல் நோய்களுக்கு அஞ்சி உழவர் மருந்து தெளிக்கின்றனர். சில மருந்துகள் தோலின்மேல் தங்கும். சில திசுக்களுக்குள் ஊடுருவும். மேலே தங்கியவற்றில் ஒரு பகுதியை ஓடும் நீர் அகற்றும். 2017-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லிட்டருக்கு 10 கிராம் சமையல் சோடா கரைத்த நீரில் ஆப்பிளை 12 முதல் 15 நிமிடம் ஊறவைத்தபோது, தோலின்மேல் இருந்த இரு மருந்துகள் நீங்கின. ஆனால் உள்ளே ஊடுருவிய பகுதி நீங்கவில்லை.

திராட்சை ஒயினாகும்போது எச்சத்தில் ஒரு பகுதி ஈஸ்ட்டிலும் சக்கையிலும் ஒட்டி மண்டியோடு வெளியேறுகிறது. பென்டோனைட் களிமண்ணும் கிளர்வுற்ற கரியும் மேலும் சிலவற்றை ஈர்க்கும். எனினும் கரி நிறத்தையும் மணத்தையும் சேர்த்தே பறித்துவிடும். நீரில் நன்கு கரையும் மருந்துகள் ஒயினிலேயே தங்கிவிடுவதும் உண்டு.

கண்டறியும் முறை

தனி வரம்பு குறிக்கப்படாத மருந்துகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் விதித்துள்ள பொது வரம்பு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்; அதாவது பத்துக் கோடியில் ஒரு பங்கு. மூன்றாண்டுக் காலத்தில் ஒரு வினாடியைத் தேடுவது போன்றது இது!

பழத்தை அரைத்து, கரைப்பானால் எச்சத்தைப் பிரித்தெடுத்து, ஆவியாக்கி, மயிரிழை போன்ற நீண்ட குழாயில் ஹீலியம் வாயுவுடன் செலுத்துவர். இதுவே வாயு வண்ணப்பிரிகை. சித்திரைத் திருவிழாவில் வைகைக்கு நடப்பவர்களை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு நீர்மோர்ப் பந்தலிலும் நிற்பவர் பின்தங்குவார். நில்லாதவர் முன்னே சேர்வார். அதுபோலவே குழாயின் உட்பூச்சில் அதிகம் ஒட்டும் பொருள் தாமதமாக வெளிவரும்.

வெளிவந்தவை நிறை நிறமாலைமானியில் அயனிகளாகின்றன. ஒரே மின்னூட்டமும் ஒரே ஆற்றலும் கொண்ட அயனிகள் காந்தப்புலத்தில் வளையும்போது, நிறை மிகுந்தது அகன்ற வட்டத்தில் செல்லும். வளைவைக் கொண்டு நிறையையும், நிறையைக் கொண்டு பொருளையும் அறிகிறோம். இன்றைய கருவிகள் பலவற்றில் காந்தத்திற்குப் பதிலாக நான்கு உலோகத் தண்டுகளின் மின்புலம் இப்பணியைச் செய்கிறது.

கருவியின் எல்லை

2010-இல் ஐரோப்பாவுக்குச் சென்ற இந்தியத் திராட்சை பெருமளவில் திருப்பப்பட்டது. காரணம் குளோர்மெக்வாட் குளோரைடு என்னும் வளர்ச்சி ஒழுங்கியின் எச்சம். ஏற்றுமதிக்கு முன் சோதிக்கப்பட்ட பட்டியலில் அது இல்லை. உப்புத் தன்மை கொண்ட அது எளிதில் ஆவியாகாது. அதைப் பிடிக்கத் திரவ வண்ணப்பிரிகை வேண்டும். தேடாத பொருளைக் கருவி காட்டாது என்பதே அது தந்த பாடம்.

எனவே முதற்காவல் தோட்டத்தில்தான் உள்ளது. கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே விடவேண்டிய நாட்களை விட்டால், வெயிலும் தாவரமுமே மருந்தின் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். முகக்கவசமும் கையுறையும் அணியாமல் தெளிப்பவரின் உடலில்தான் அந்த மருந்து முதலில் படிகிறது என்பதையும் பழம் உண்ணும் நாம் மறக்கலாகாது.